அவசரப் பட்டியலில் இல்லாத கண்

விழித்திரைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது, "மனசுக்கு நல்லதா ஒண்ணு எழுதுங்க மேடம்" என்றார்கள். கட்டைப் பிரித்ததும் கைகூப்பிய நோயாளி, பார்வை வந்ததும் முதலில் மனைவியைத் தேடிய கணவன், அந்த மாதிரி. அவை என்னிடம் நிறைய உண்டு. ஆனால் அவற்றைச் சொல்ல நான் வேண்டாம், மருத்துவமனை வாசலில் வைக்கும் பதாகைகளே சொல்லிவிடும். எந்தப் பதாகையிலும் வராத ஒன்றை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கசந்தால் கசக்கட்டும்.

விழித்திரை கழன்றுவருவதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை. உங்கள் வீட்டில் வேறு யாராவது இதை எடுத்துப் படிக்கக்கூடும் என்பதால் மட்டும் இரண்டு வரி. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு ஓரிடத்தில் கிழிகிறது. கிழிசல் வழியாக நீர் உள்ளே புகுந்து, ஈரச்சுவரில் சுண்ணாம்பு உரிவதுபோலச் சவ்வை உரித்துக்கொண்டே போகிறது. நடுப்பகுதி ஒட்டியிருக்கும்வரை எழுத்தைப் படிக்கலாம், முகத்தைப் பார்க்கலாம். நடுவும் உரிந்துவிட்டால், பிறகு எவ்வளவு அழகாக ஒட்டவைத்தாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்பாது. ஓரம் உரிந்து, நடு இன்னும் உரியாமல் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நம் தொழில். மற்றதெல்லாம் ஆறுதல் வேலை.

கடலூரில் ஓர் அறக்கட்டளை நடத்திய கண் மருத்துவமனையில் நான் விழித்திரை அறுவை மருத்துவராக இருந்தேன். அதன் தலைமை மருத்துவரை நாங்கள் எல்லோரும் சீஃப் என்போம். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒருமுறை பெரும்புயல் அடித்து, ஊர் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த வாரத்தில், சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளி ஒருவரைக் கழன்ற விழித்திரையோடு கூட்டிவந்தார்கள். மின்சாரம் வந்ததும் பார்க்கலாமா என்று கேட்டேன். சீஃப் என்னைத் திட்டிவிட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் தேட அவரே காரை எடுத்துக்கொண்டு போனார். அந்தத் தொழிலாளிக்குப் பார்வை தப்பியது. சீஃப் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தான் பின்னால் வருவது உங்களுக்குப் புரியும். அவர் சோம்பேறியோ நெஞ்சில் ஈரம் இல்லாதவரோ கிடையாது.

முதல் ஊரடங்கு அறிவித்ததும் சீஃப் எங்களைக் கூட்டி, இனி அவசர நோயாளிகள் மட்டும் என்றார். எது அவசரம் என்று பட்டியல் போட்டார்கள். கண்ணில் அடிபட்டவர்கள், சீழ் பிடித்தவர்கள், விழித்திரை முழுதாக வளராத குறைமாதக் குழந்தைகள். விழித்திரை கழன்றவர்கள் அதில் இல்லை. நான் எழுந்து கேட்டேன்.

"அது ஒவ்வொரு கேஸா பாத்து நான் முடிவு பண்றேன்மா" என்றார் சீஃப். "ஓ.டி.க்குள்ள யாரு போனாலும் மொதல்ல கொரோனா டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கணும். அதுல எந்த மாத்தமும் கிடையாது."

அறுவை அரங்கைத்தான் ஓ.டி. என்போம். அப்போது ரிசல்ட் வர நாள்கணக்கில் ஆகும். விழித்திரைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்பதை அந்த அறையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர். குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு, வீட்டில் டயாலிசிஸ் நோயாளி. அவர் தினமும் வீட்டுக்குப் போய்க் கொல்லைப்புறக் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் மேலே பேசவில்லை. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த சில வாரங்கள் வெளிநோயாளிப் பிரிவு காலியாகக் கிடந்தது. விழித்திரை கிழிவது அந்த ஆண்டு மட்டும் நின்றுபோய்விடவில்லை. வீட்டுக்குள்ளேயே கிழிந்துகொண்டிருந்தது. கெடுபிடி கொஞ்சம் தளர்ந்தபோது வந்தவர்களைப் பார்த்தால் அது தெரிந்தது. பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு தள்ளுகிறவர் ஒருவர், பாதி வழி நடந்தும் பாதி வழி மீன் வண்டியிலுமாக வந்து சேர்ந்தார். கண்ணுக்குள் பார்த்தேன். விழித்திரை முழுதும் கழன்று, தழும்பேறி, மடக்கிய குடைபோலச் சுருங்கிக் கிடந்தது.

"எப்பலேர்ந்து இப்டி இருக்குது?"

"தமிழ் வருசப் பொறப்புக்கு முன்னாடியே மின்னல் மாரி வெட்டுச்சும்மா. அப்பறம் ஒரு பக்கமா நெழலு வுழுந்துச்சு."

"அப்பவே வந்திருக்கலாம்ல?"

"வெளிய வந்தா அடிக்கறாங்கன்னாங்க. செரி, பஸ்ஸு வுடட்டும், போவலாம்னு இருந்துட்டன். வலி இல்லியேம்மா. வலிச்சிருந்தா எப்டியாவுது வந்திருப்பன்."

வலிக்காத நோய்க்கு ஊரடங்கில் மதிப்பே இல்லை. அவரைக் கண்டித்து ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் தாமதமாக வருகிறவர்களை "இவ்ளோ நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க" என்று கேட்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை நாம்தான் தொலைக்காட்சியில் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். வீட்டிலேயே இருங்கள் என்றோம். இருந்தார்கள்.

அதன் பிறகுதான் ஸ்டெல்லா.

சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சின்ன வயதில் கிட்டிப்புள் பட்டு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் தடித்த மைனஸ் கண்ணாடி. அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் பி.எட். வரை படித்து, அந்தக் குடும்பத்தின் முதல் ஆசிரியையாக வந்தவர். அப்படிப்பட்ட கண்ணில் விழித்திரை மெலிந்திருக்கும். பல ஆண்டுகளுக்கு முன்பே மெலிந்த இடங்களைச் சுற்றி லேசர் போட்டு, "மின்னல் வெட்டினாலோ திரை விழுந்தாலோ அன்னிக்கே வந்துடணும்" என்று சொல்லியிருந்தேன். என் கைபேசி எண்ணையும் கொடுத்திருந்தேன். ஒரு கண்ணோடு வாழ்கிற எல்லோருக்கும் கொடுப்பது என் வழக்கம்.

ஒருநாள் காலையில் அழைத்தார். ஆன்லைன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாராம்.

"மேடம், கீழேர்ந்து கறுப்பா ஏறுது. வெள்ளம் ஏர்ற மாதிரி. போனைக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சாதான் பசங்க மூஞ்சி தெரியுது."

கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுவதால், கீழே இருள் ஏறினால் விழித்திரை மேலே உரிகிறது என்று பொருள். மேலே உரிவது விரைவாக இறங்கும். தலையணை வைக்காமல் மல்லாந்து படுக்கச் சொன்னேன். எப்படியாவது இன்றைக்கே கடலூர் வந்துவிட வேண்டும் என்றேன்.

எப்படி வருவது? கெடுபிடி மறுபடி இறுகி, பஸ் நின்றுபோயிருந்தது. இ-பாஸுக்கு விண்ணப்பித்தார்கள், கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், "மூச்சு விடுறதுல கஷ்டம் இருக்கா? மாசமா இருக்காங்களா?" என்று கேட்டு, இரண்டும் இல்லை என்றதும் வைத்துவிட்டார்கள். ஸ்டெல்லாவின் கணவர் லூர்து சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஆபரேட்டர். ஆலை அத்தியாவசியப் பட்டியலில் இருந்தது. தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து கம்பெனி வேன் தினமும் பாஸோடு போய்வந்துகொண்டிருந்தது. ஆலைக்கு வழி இருந்தது, கண்ணுக்கு இல்லை. லூர்து வேன் டிரைவரிடம் கேட்டார்.

"இதுக்கு ஏன் மச்சான் கெஞ்சற? சீட்டு விட்டு சீட்டுதான ஒக்கார்றோம், பின்னாடி காலியாத்தான் கெடக்குது. தங்கச்சிய கடைசி சீட்டுல படுக்க வெச்சுக் கூட்டியா" என்றார் அந்த டிரைவர்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். வழியில் சோதனைச்சாவடியில் ஒரு போலீஸ்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா அது, படுத்துக்கினு வர்றது? காய்ச்சலா?"

டிரைவர் பதில் தேடுவதற்குள் ஸ்டெல்லா படுத்தபடியே சொல்லியிருக்கிறார். "எனக்கு இருக்கறது ஒரே கண்ணு சார். அதுவும் போய்க்கிட்டு இருக்குது."

போலீஸ்காரர் தானே போய்த் தடுப்பை நகர்த்திவிட்டு, டிரைவரிடம், "மொதல்ல ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிவுட்டுட்டு அப்பறம் கம்பெனிக்குப் போ" என்றாராம். கண்ணைப் பற்றி ஒன்றும் படிக்காதவர் அவர். நடுச்சாலையில் நின்றபடி அவர் சட்டென்று எடுத்த முடிவை, படித்த நாங்கள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எடுக்க முடியாமல் போனோம்.

பரிசோதித்தேன். மேல்பக்கம் ஒரு கிழிசல். உரிந்த விழித்திரை ஒரு மடிப்பாகத் தொங்கிக்கொண்டு, நடுப்பகுதிக்குச் சற்று மேலே நின்றிருந்தது. நடு இன்னும் ஒட்டியிருந்தது. ஸ்டெல்லா கண்ணாடி போட்டுக்கொண்டு சார்ட்டில் பெரும்பாலான வரிகளைப் படித்தார்.

சீஃபின் அறைக்கு ஓடினேன். மேசைக்கு முன்னால் கெட்டியான பிளாஸ்டிக் தாள் தொங்கவிட்டிருந்தார். அதன் மறுபக்கம் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"ஓ.டி. வேணும் சார். இன்னிக்கே பெல்ட் போட்டுடறேன்."

கண்ணைச் சுற்றி வெளியிலிருந்து பட்டை போட்டுக் கிழிசலை அடைப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதைச் செய்துவிட்டால், அதன் பிறகு நோயாளி எப்படிப் படுத்தாலும் உட்கார்ந்தாலும் பெரிதாகக் கவலை இல்லை.

"டெஸ்ட் எடுத்தாச்சா?"

"எடுத்து அனுப்பிட்டோம். ரிசல்ட் வர்றதுக்குள்ள நடு கழண்டுடும் சார். ஒத்தக் கண்ணு."

"ரிசல்ட் வரட்டும். நெகட்டிவ்னு வந்தா நானே வந்து உன் பக்கத்துல நிக்கறேன்."

"சார், இது காத்திருக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்கே பாடம் எடுக்கறியா? உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அதனாலதான் சார் உங்ககிட்ட வந்து நிக்கறேன்."

சீஃப் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நம்ம ஸ்டாஃப் ஒருத்தருக்கு வந்துச்சுன்னா ஆஸ்பத்திரிய சீல் வெச்சுடுவாங்க. அனெஸ்தீசியா டாக்டர் வரமாட்டேங்கறாரு. கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா நான் என்னா பதில் சொல்றது? உசுருக்கு ஆபத்துன்னா சொல்லிடலாம். கண்ணு உசுரு இல்லம்மா."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. கோபத்தில் கத்தினால் அந்த நோயாளிக்கு ஒன்றும் கிடைக்காது என்பதால், அடுத்ததாக என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஓ.டி. இல்லாமல், மயக்க மருத்துவர் இல்லாமல், வெளிநோயாளிப் பிரிவின் சிறு அறையிலேயே கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றைச் செலுத்தலாம். கிழிசல் மேலே இருப்பதால் குமிழி மிதந்துபோய் அதை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கும். ஆனால் குமிழி எப்போதும் மேலேதான் போகும். தலை எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அது எங்கே அழுத்தும் என்பது. சில நாள் தலையை ஒரே சாய்வில் வைத்திருந்தால்தான் பலன். பெல்ட் அளவுக்கு உறுதியான சிகிச்சை இல்லை அது. சீஃபிடம் சொன்னேன்.

"அதப்பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அதாவது, செய்துகொள், என்னைக் கேட்டதாகச் சொல்லாதே.

பதவியில் இருப்பவர்களிடம் இப்படி ஓர் அனுமதி உண்டு. நல்லது நடந்தால் அது அவர்களுடையது, கெட்டது நடந்தால் உங்களுடையது. வாழ்நாளில் பலமுறை உங்களுக்கும் இது கிடைக்கும். நோயாளிக்கு வேறு வழி இல்லாதபோது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் என்ன வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள்.

உதவிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். ஓ.டி. நர்ஸ் கலைச்செல்வி, "நான் வர்றேன் மேடம்" என்று கவச உடையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். வீட்டில் பால்குடிக் குழந்தை வைத்திருப்பவர். வேர்வையில் கண்ணாடி மங்க மங்க, கடுங்குளிர்க் கருவியால் கிழிசலைச் சுற்றி உறையவைத்து, வாயுவைச் செலுத்தி முடித்தோம்.

மறுநாள் பார்த்தபோது உரிந்த இடம் படிந்திருந்தது. ஏறிய இருள் வடிந்துவிட்டது என்று ஸ்டெல்லா சொன்னார். "கண்ணுக்குள்ள ஒரு கண்ணாடிக் குண்டு ஆடுது மேடம். அதுக்கு அந்தாண்ட எல்லாம் தெரியுது." சிரித்தார். முகக்கவசத்துக்கு மேலே அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். குமிழி எப்படி வேலை செய்கிறது, தலையை ஏன் ஒரு பக்கம் சாய்த்தே உட்கார வேண்டும், குப்புறப் படுத்தால் என்ன ஆகும் என்று படம் வரைந்து காட்டினேன். கணக்கு டீச்சர் அல்லவா, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். உள்நோயாளியாக வைத்துக்கொள்ள அனுமதி இல்லாததால், கடலூர் முதுநகரில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். மூன்று பொழுதும் தலையைச் சாய்த்தபடியே உட்கார்ந்திருப்பதாகவும், சாப்பாட்டைக்கூட நாத்தனார்தான் ஊட்டிவிடுவதாகவும் லூர்து போனில் சொன்னார்.

ஒட்டிக்கொள்ள இன்னும் சில நாள்தான் வேண்டியிருந்தது. அதற்குள் ரிசல்ட் வந்தது. பாசிட்டிவ்.

இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் அன்று மதியமே சுகாதாரத் துறை வண்டி வந்தது. தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். ஸ்டெல்லாவை ஒரு கல்லூரி விடுதியில் அமைத்திருந்த முகாமுக்கும், லூர்துவை வேறு கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். எங்கள் மருத்துவமனையை மூடி மருந்து தெளித்தார்கள். என்னையும் கலைச்செல்வியையும் அவரவர் வீட்டில் தனி அறையில் இருக்கச் சொன்னார்கள். கலைச்செல்வி கைக்குழந்தையைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுததைப் போனில் கேட்டேன்.

சீஃபும் அழைத்தார். "பாத்தியா? நான் என்னா சொன்னேன்?"

அவர் சொன்னது நடந்திருந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. அவருடைய அச்சம் பொய்யில்லை. எனக்கும் கலைச்செல்விக்கும் தொற்றவில்லை என்பது பிறகு தெரிந்தது. கவச உடை போதுமானதாக இருந்தது. அது ஓ.டி.யிலும் போதுமானதாகவே இருந்திருக்கும்.

முகாமில் ஸ்டெல்லா தலையைச் சாய்த்துச் சுவரோரம் உட்கார்ந்தே இருந்தார். அங்கிருந்தவர்கள் ஏதோ கழுத்துவலி என்று நினைத்தார்களாம். இரண்டொரு நாளில் உடம்பில் ஆக்சிஜன் அளவு குறையத் தொடங்கியது. கொரோனா வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு பிற்பகலில் அந்த வார்டின் இளம் மருத்துவர் என்னை அழைத்தார். குரலிலேயே களைப்பு.

"மேடம், உங்க பேஷன்ட்டுக்கு சாச்சுரேஷன் எறங்கிக்கிட்டே இருக்கு. ஆக்சிஜன் வெச்சும் ஏறல. குப்புறப் படுக்க வெச்சா ஏறும். ஆனா கண்ணுல கேஸ் குமிழி போட்டிருக்காங்க, குப்புறப் படுக்கக் கூடாதுன்னு அவுங்க சொல்றாங்க. ஒரு பக்கமா படுக்க வெச்சுப் பாத்தோம், பத்தல. படுக்க வெக்கலாமா, வேணாமா?"

நுரையீரலைக் காப்பாற்றும் படுக்கை அது. குப்புறப் படுத்தால் கண்ணுக்குள் இருக்கிற குமிழி கிழிசலை விட்டு நகர்ந்து பின்பக்கம் போய்விடும். கிழிசல் திறந்துகொள்ளும். நான் என் வீட்டு அறையில் பூட்டப்பட்டு நின்றுகொண்டிருந்தேன். போய்ப் பார்க்க வழியில்லை. அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். பின்னால் வேறு யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது.

"வேற வழி இருக்கா டாக்டர்?"

"வென்டிலேட்டர்தான் மேடம். அது இப்ப காலி இல்ல."

"குப்புறப் படுக்க வெச்சிடுங்க" என்றேன். "மொதல்ல மூச்சு."

அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அறுவை அரங்கில் எத்தனையோ கண்களில் தோற்றிருக்கிறேன். கையில் கருவி இல்லாமல், போனில் ஒரு வார்த்தையால் ஒரு கண்ணை விட்டுக்கொடுத்தது அந்த ஒருமுறைதான். அந்த முடிவு சரி என்று அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். சரியான முடிவெடுத்தால் மனம் ஆறும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்டெல்லா பிழைத்தார். பல வாரம் கழித்து லூர்துவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது, அந்தப் படகுக்காரரின் கண்ணில் கண்ட அதே மடக்கிய குடையை இவர் கண்ணிலும் கண்டேன். இந்த முறை சீஃப் ஒன்றும் கேட்கவில்லை. ஓ.டி. உடனே கிடைத்தது. தழும்பை உரித்து, விழித்திரையை விரித்து, அது மறுபடி சுருங்காமல் தாங்கிப் பிடிக்கச் சிலிக்கான் எண்ணெய் நிரப்பினேன். விழித்திரை ஒட்டியது. பார்வை என்று வந்தது, எதிரே ஆள் நிற்பதும் நகர்வதும் தெரிகிற அளவுக்குத்தான். சில மாதத்தில் அந்த எண்ணெயை எடுத்துவிட வேண்டும். எடுக்க நாள் குறித்தபோது இரண்டாம் அலை வந்து ஓ.டி. மறுபடி மூடியது. மறுபடி பட்டியல். எண்ணெய் எடுப்பது அதில் இல்லை. உள்ளே தங்கிய எண்ணெயால் கண்ணழுத்தம் ஏறி, நரம்பில் மிச்சமிருந்ததும் போய்விட்டது. இப்போது விளக்குப் போட்டால் போட்டது தெரியும். அவ்வளவுதான்.

அந்தப் பெருந்தொற்று ஓய்ந்த பிறகு எங்கள் மருத்துவமனையைப் பாராட்டி ஒரு விழா நடத்தினார்கள். அக்காலம் முழுதும் பணியாளர் ஒருவருக்கும் மருத்துவமனைக்குள் தொற்று ஏற்படவில்லை என்று சீஃப் மேடையில் பேசினார். உண்மைதான். விழா முடிந்து சாப்பிடப் போகும்போது அவர் அருகில் போய்ச் சொன்னேன்.

"அன்னிக்கு ஓ.டி. குடுத்திருந்தா அந்தப் பொண்ணு குப்புறப் படுத்தும் கண்ணு தப்பியிருக்கும் சார்."

"தெரியும்மா" என்றார். "அந்தப் போலீஸ்காரன் கதைய லூர்து எங்கிட்டயும் சொன்னான்." சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அந்த ஆண்டு இறுதியில் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். அவர் வருந்தினார் என்று தெரியும். அந்த வருத்தத்தை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் நான் இல்லை, ஸ்டெல்லாதான் இருக்கிறார். அவரிடம் சீஃப் கடைசிவரை போகவே இல்லை.

நான் போனேன். ஓய்வு பெற்ற பிறகு சிதம்பரத்துக்குப் போயிருந்தேன். பள்ளியில் மரியாதையாகப் பேசி ராஜினாமா வாங்கிக்கொண்டார்களாம். லூர்து வேலைக்குப் போயிருந்தார். மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். ஸ்டெல்லா தனியாக இருந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே சமையலறைக்குப் போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். நான் உதவப் போனபோது, "ஒக்காருங்க மேடம், ஊத்திட மாட்டேன்" என்றார்.

கொஞ்ச நேரம் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். பிறகு அவரே எடுத்தார்.

"அன்னிக்கு வார்டு டாக்டர் உங்களுக்குப் போன் போட்டாராமே."

"ஆமா."

"நீங்க படுக்க வெக்கச் சொன்னீங்களாம்."

"சொன்னேன் ஸ்டெல்லா. உங்க மூச்சு..."

"இருங்க, நான் சொல்லிடறேன். அத மனசுல வெச்சுக்கிட்டுதான் நீங்க வந்திருக்கீங்க, உங்க கொரல்லியே தெரியுது." முகத்தை என் பக்கம் திருப்பினார். என்னைக் கொஞ்சம் தாண்டி வேறெங்கோ பார்த்தது அந்தக் கண். "நான் நெனவோடதான் இருந்தேன் மேடம். குமிழி மேலதான் போவும், குப்புறப் படுத்தா கிழிசல விட்டுடும்னு நீங்கதான் படம் போட்டுக் காட்டுனீங்க. அந்த டாக்டர் உங்ககிட்ட பேசிட்டு வர்றதுக்குள்ள நான் யோசிச்சு முடிச்சுட்டேன். மூச்சு இருந்தாதான் எம் பொண்ணு கொரலயாவது கேக்கலாம். அவுங்க வந்து தொடறதுக்கு முன்னாடியே நானாத்தான் திரும்பிப் படுத்தேன். படுத்த ஒடனே குமிழி நகந்தது தெரிஞ்சுது. தெரிஞ்சும் அப்டியே படுத்திருந்தேன்."

காபித் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அதனால அந்தப் பழிய நீங்க எடுத்துக்காதீங்க. அது நான் எடுத்த முடிவு, அத யாருக்கும் தரமாட்டேன்." நிதானமாக, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில்தான் பேசினார். "ஆனா மொத நாளு நான் வந்து உங்க ஆஸ்பத்திரியில ஒக்காந்திருந்தேன்ல, கண்ணு தெரிஞ்சுக்கிட்டு, சார்ட்டுல எழுத்தப் படிச்சிக்கிட்டு? அன்னிக்குப் போனதுதான் மேடம் என் கண்ணு. அது யாரோட முடிவு?"

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள். உங்கள் மேசைக்கும் ஒருநாள் ஒரு பட்டியல் வரும், அதில் சிலருடைய நோய் இருக்காது. அதற்கு முன்பாகவே இந்தக் கேள்வியை உங்களிடம் கொடுத்துவைக்கிறேன். அன்று சிதம்பரத்தில் என் மனதில் வந்தது சீஃபின் பெயர் மட்டும்தான். பட்டியல் போட்ட அன்று நானும் உட்கார்ந்துவிட்டவள், அதனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.